உயரம் வேறு, அகலம் வேறு

நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனங்களைக் கொண்டு பாதையற்ற நிலத்தில் நடத்தப்படும் போட்டிகள் பற்றிய பேச்சில், டயரின் அளவு குறித்து ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கூற்று ஒன்று உண்டு. மட்காட்டுக்குள் புகக்கூடிய மிகப் பெரிய டயரே மிகச் சிறந்த டயர் என்பதும், புகாவிட்டால் மட்காட்டை வெட்டியோ வாகனத்தின் உடலை உயர்த்தியோ அதனைப் புகுத்துவதே போட்டிக்கான முதல் ஆயத்தம் என்பதும் அக்கூற்றின் சாரம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகக் கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இறங்கும் கரையோர ஊர்களின் கராஜ்களிலும் இதுவே வழக்கமான அறிவுரை. அது முழுப் பொய்யன்று. உண்மையின் ஒரு கூறு அதனுள் இருப்பதாலேயே இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆயினும் ‘பெரிய’ என்ற ஒரே சொல்லுக்குள் உயரம், அகலம் என்னும் இரு வேறு அளவுகளை அது ஒளித்துவிடுகிறது. காற்றழுத்தம் செய்யும் வேலையை அளவின் கணக்கில் வரவு வைக்கிறது. கியர்களும் அச்சுகளும் கொடுக்கும் விலையைச் செலவுப் பக்கத்தில் எழுதாமலே விட்டுவிடுகிறது.

இக்கூற்றைச் சோதித்துப் பார்க்கக் கோமாரியைவிடப் பொருத்தமான நிலம் அரிது. பொத்துவில் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூரில் கடற்கரையின் உலர்ந்த மணல், களப்புக் கரையின் சேறு, வயல் வட்டைகளின் களிமண் ஆகிய மூன்றும் ஏ4 நெடுஞ்சாலையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்துக்குள் கிடைக்கின்றன. ஒரே வாகனம் ஒரே நாளில் மூன்றிலும் ஓடிப் பார்க்கலாம். ஒன்றில் கைகொடுத்த டயர் மற்றொன்றில் ஏன் கைவிடுகிறது என்பதும் இங்கே விரைவில் வெளிப்படும்.

அளவைக் குறிக்கும் எண்களை முதலில் பிரித்தறிவது அவசியம். 235/85 ஆர் 16 என்று பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருந்தால், 235 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 85 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பதைக் காட்டுவது. ஆர் என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஆரைப் போக்கில் அமைந்த றேடியல் டயர் என்பதன் குறி. 16 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். 235இன் 85 வீதம் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்களுக்கு 400. அதனுடன் றிம்மின் 406ஐக் கூட்டினால் மொத்த உயரம் 806 மில்லிமீற்றர், அதாவது 31.7 அங்குலம். 33×12.50 ஆர் 15 என்னும் அமெரிக்க முறையிலோ முதல் எண்ணே உயரம், இரண்டாவது அகலம், இரண்டும் அங்குலத்தில். பழைய லாண்ட் ரோவர்களுக்கும் சிறு லொறிகளுக்கும் பூட்டப்படும் 7.50-16இல் அகலம் மட்டுமே ஏழரை அங்குலம் என்று சொல்லப்படுகிறது. உயரம் எழுதப்படுவதில்லை என்றாலும் அது ஏறத்தாழ 32 அங்குலம். இந்த 7.50-16ஐக் கழற்றிவிட்டு 33×12.50ஐப் பூட்டுபவர் பெரிய டயருக்கு மாறியதாகவே எண்ணுகிறார். உண்மையில் அவர் வாங்கியது ஓர் அங்குல உயரத்தையும் ஐந்து அங்குல அகலத்தையும்தான். இந்த ஐந்து அங்குலம் அவருக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றியே இக்கட்டுரை பெரும்பாலும் பேசுகிறது.

பெரிய டயர் வாகனத்தின் அடிவயிற்றை நிலத்திலிருந்து உயர்த்துகிறது என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அது சரியே, ஆனால் பாதியளவுக்குத்தான் சரி. ஏனெனில் அச்சு டயரின் நடுவில் இருப்பதால் விட்டத்தில் கூடும் அளவில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கிறது. மேற்சொன்ன மாற்றத்தில் அது அரை அங்குலம், ஒரு விரல் பருமனும் இல்லை. 31 அங்குலத்திலிருந்து 35க்குத் தாவினால் 2 அங்குலம் கிடைக்கும். அது பாறையிலும் ஆழமான சில்லுத் தடங்களிலும் பெறுமதியான உயரம். படிபோல் நிற்கும் கல்லில் ஏறுவதற்கும் உயர்ந்த டயர் தாழ்ந்ததைவிட இலகுவாக இடங்கொடுக்கும், பெரிய வட்டம் அக்கல்லைச் சாய்வான கோணத்தில் சந்திப்பதால். இங்கே உயரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டயர் உயரும்போது வாகனத்தின் பாரமையமும், அதாவது முழுப் பாரமும் ஒன்றுதிரண்டதாகக் கொள்ளத்தக்க புள்ளியும் உயர்கிறது. சில்லுகளுக்கிடையே ஒன்றரை மீற்றர் அகலமும், நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில் பாரமையமும் கொண்ட ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டால், அசையாது நிற்கும் நிலையில் அது பக்கவாட்டில் கவிழும் சரிவு 45 பாகை. டயரால் 5 சென்ரிமீற்றரும், அந்த டயருக்கு இடம் விடுவதற்காகச் செய்யப்படும் உயர்த்தலால் ஏழரை சென்ரிமீற்றரும் கூடினால் அது ஏறத்தாழ 40½ பாகையாகக் குறைந்துவிடும். ஓடும் வாகனத்தில் உண்மையான எல்லை இதனினும் தாழ்ந்தது. பக்கச் சரிவைக் கடக்கும் கட்டம் ஏறத்தாழ எல்லாப் போட்டித் தடங்களிலும் வைக்கப்படுவதால், இழக்கப்படும் நாலரைப் பாகை சிறு கணக்கன்று.

மணலுக்கு அகலமான டயரே வேண்டும் என்பது அடுத்த வாதம். கரையோர ஊர்களில் இதை மறுத்துப் பேசுவோர் குறைவு. டயர் நிலத்தைத் தொடும் பரப்பை அடித்தடம் என்று கொண்டால், அந்தப் பரப்பைத் தீர்மானிப்பது முதன்மையாக அகலமன்று. சில்லின் மேல் இறங்கும் பாரத்தை உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தால் வகுத்துவருவதே ஏறத்தாழ அடித்தடத்தின் பரப்பு. இரண்டாயிரம் கிலோ வாகனத்தில் ஒரு சில்லின் பங்கு 500 கிலோ. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்றில், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ அழுத்தத்தில், அடித்தடம் 237 சதுர சென்ரிமீற்றர். காற்றை 15 இறாத்தலுக்கு இறக்கினால் அது 474. டயர் ஒல்லியாயினும் அகலமாயினும் இக்கணக்கு பெரிதும் மாறாது. பக்கச் சுவரின் விறைப்பு சிறிது கூட்டிக் குறைக்கும், அவ்வளவே. மாறுவது அடித்தடத்தின் வடிவம்: அகலமான டயரில் அது குறுக்கே விரிந்து முன்பின்னாகக் குறுகுகிறது, ஒல்லியான உயர்ந்த டயரிலோ நெடுக நீள்கிறது.

இந்த வடிவம் ஏன் முக்கியமாகிறது என்பதை விளக்கியவர் போலந்தில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய பொறியியலாளர் மிச்சிஸ்லாவ் பெக்கர். வாகனத்துக்கும் மண்ணுக்குமிடையிலான விசைகளை ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட அவரது நூல் 1956இல் வெளிவந்தது. 1971இல் நிலவில் ஓடிய ஊர்தியின் சில்லுகளை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்குண்டு. மிருதுவான நிலத்தில் புதைந்து ஓடும் சில்லு, தன் முன்னால் உள்ள மண்ணை ஓயாது அமுக்கியும் தள்ளியுமே முன்னேறுகிறது. அந்த வேலைக்குச் செலவாகும் விசையே ஓட்டத் தடை. பரப்பு ஒன்றாயிருக்கும்போது, குறுக்கே விரிந்த தடத்தைவிட நெடுக நீண்ட தடத்துக்கு இத்தடை குறைவு என்பது பெக்கரின் சமன்பாடுகளிலிருந்து பெறப்படும் முடிவு. அதைச் சமன்பாடில்லாமலும் காணலாம். பத்து சென்ரிமீற்றர் புதைந்த நிலையில் 235 மில்லிமீற்றர் டயர் தன் முகத்தில் 235 சதுர சென்ரிமீற்றர் மணலை எதிர்கொள்கிறது. பன்னிரண்டரை அங்குல டயர் 317ஐ எதிர்கொள்கிறது, மூன்றிலொரு பங்குக்கும் மேலான கூடுதல் சுமை. கோமாரிக் கரையில் புதையத் தொடங்கும் வாகனத்தின் முன்சில்லுகளுக்கு முன்னே மணல் சிறு வரம்புபோல் குவிந்து எழுவதைக் கூர்ந்து பார்த்தால் இது தெளியும்: அந்த வரம்பின் நீளம் டயரின் அகலமேதான், எஞ்சினின் வலு அதை உழுவதிலேயே தீர்கிறது.

மணலுக்கே உரிய இன்னோர் இயல்பும் அகலத்தின் பெருமையைக் குறைக்கிறது. மண் சறுக்காமல் தாங்கும் வலிமை, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பசைமை, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும்போது எழும் உராய்வு என்னும் இரண்டின் கூட்டு என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் காட்டினார். உலர்ந்த மணலில் பசைமை ஏறத்தாழ இல்லை. உராய்வு மட்டுமே இருப்பதால், டயர் பெறக்கூடிய உந்துவிசையின் உச்சம் பாரத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. பரப்பு கூடுவதன் நன்மை சில்லு குறைவாகப் புதைவது மட்டுமே; அந்த நன்மையைக் காற்றை இறக்கியே பெறலாம். அலை வந்து மீளும் ஈரப் பட்டையில் துகள்களுக்கிடையே படியும் நீர்ப்படலம் தற்காலிகப் பசைமையைத் தருவதால்தான், மேலே புதையும் அதே வாகனம் அங்கே தார்ச் சாலையில்போல ஓடுகிறது. நீர் மேலும் கூடி மணல் ஊறிவிட்டால் அதே பட்டை கூழாகிச் சில்லை விழுங்கிவிடும்.

இக்கணக்கைக் கடற்கரைப் போரிலேயே செய்துகாட்டியது 1942இல் அமெரிக்காவில் உருவான டக் என்னும் நீர்நில வாகனம். கடலிலிருந்து நேரே மணலில் ஏறவேண்டிய அந்த ஆறு சில்லு லொறிக்கு, ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே டயர்களின் காற்றை இறக்கவும் ஏற்றவும் கூடிய அமைப்பு பொருத்தப்பட்டது. மணலுக்கு மென்மையாகவும் தெருவுக்கு இறுக்கமாகவும் ஒரே டயர் உதவியது.

காற்றை இறக்குவதற்கு இடங்கொடுப்பது பக்கச் சுவரின் உயரமே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 285/50 ஆர் 20 டயர் 793 மில்லிமீற்றர் உயர்வது; மேலே கண்ட 235/85 ஆர் 16க்கு ஏறத்தாழச் சமம். ஆனால் முன்னதன் சுவர் 142 மில்லிமீற்றர், பின்னதன் சுவர் 200. காற்று இறங்கும்போது மடிந்து அடித்தடத்தை நீட்டவேண்டிய சுவர் முன்னதில் மிகக் குட்டை. மடிந்தாலும் றிம் கல்லில் இடிபடும். பெரிய றிம் பார்வைக்கு அழகு, மணலில் பாரம். பத்து இறாத்தலுக்கும் கீழே இறக்கவேண்டிய போட்டியில் டயரின் விளிம்பு றிம்மை விட்டுக் கழன்றுவிடாதபடி வளையமிட்டு இறுக்கும் பீட் லாக் என்னும் அமைப்பு தேவைப்படும். அதற்குச் செய்யும் செலவு, இன்னும் இரண்டு அங்குல அகலத்துக்குச் செய்யும் செலவைவிடப் பயன் மிக்கது. முன்சில்லு அமுக்கிய தடத்திலேயே பின்சில்லும் ஓடுமாயின் பின்சில்லின் தடை பெரிதும் குறையும் என்பதால், முன்பின் சில்லுகளின் இடையகலம் வேறுபடும்படி றிம்களைப் பூட்டுவது மணலில் தானே தேடிக்கொள்ளும் இடையூறு.

சேற்றில் நிலைமை வேறு. களிமண்ணில் பசைமை உண்டு. ஆகவே அங்கே பரப்பு கூடினால் பிடியும் கூடும். அகலத்துக்காக வாதிடுவோரின் மிக வலுவான இடம் இதுவே, அதை ஒப்புக்கொள்ளாமல் மறுப்பது நேர்மையன்று. அடியே காணாத களப்புச் சேற்றில் மிதந்து செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அகலமும் தாழ்ந்த காற்றும் அங்கே துணை. ஆனால் சேறெல்லாம் அடியற்ற சேறன்று. வயல் வட்டையில் தலைமுறை தலைமுறையாக உழுதும் மிதித்தும் வந்ததால், மேற்சேற்றின் கீழே இறுகிய ஒரு படை உருவாகியிருக்கிறது. பெரும்போகத்துக்கு நீர் கட்டி நிற்கும் கண்டத்துக்குள் இறங்கும் விவசாயியின் கால் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுவது அப்படையால்தான். அத்தகைய நிலத்தில் மேற்சேற்றில் மிதக்க முயலும் அகன்ற டயர், மிதக்கவும் இயலாமல் இறுகிய படையைத் தொடவும் இயலாமல் நடுவில் வழுக்குகிறது; ஒல்லியான உயர்ந்த டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடியிலுள்ள படையில் கால் ஊன்றுகிறது.

இப்பகுதியின் விவசாயிகளுக்கு இது புதிதன்று. சேற்றுழவுக்கு இறங்கும் கையுழவு இயந்திரத்தின் றப்பர்ச் சில்லுகளைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லுகளைப் பூட்டுகிறார்கள். அவற்றின் தகடுகள் சேற்றைத் துளைத்து இறங்கிப் பிடிக்கின்றன. நான்கு சில்லு உழவு மெசினின் பின்சில்லைச் சுட்டிக்காட்டி, பெரிய டயர் இல்லாமல் மெசின் வயலில் ஓடுமா என்று கேட்போர் உண்டு. அப்பின்சில்லின் உயரத்தைப் பார்ப்பவர்கள் முன்சில்லையும் பார்க்கவேண்டும்: பழைய மெசி ஃபெர்குசன் மெசின்களின் முன்சில்லு வெறும் 6.00-16, சேற்றைக் கிழித்துத் திசை காட்டவேண்டியதாகையால் ஒல்லியாகவே வைக்கப்பட்டது. பின்சில்லுக்கும் பெரும்பயன் தருவது அதன் உயரமே. மேலும் அந்த உயரத்துக்கு ஈடாக மெசினின் கியர்கள் மிக மெதுவான சுழற்சிக்கு அமைக்கப்பட்டுள்ளன. இவ்வட்டைகளில் ஒருகாலத்தில் நெல் ஏற்றிச் சென்ற மாட்டுவண்டியின் சில்லும் உயரத்தில் பெரியது, அகலத்தில் மிகச் சிறியது.

எஞ்சினுக்கு வலுவிருந்தால் எந்த டயரையும் சுழற்றலாம் என்னும் வாதம் கணக்கின் முன் நிற்பதில்லை. 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்கு மாறும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் வாகனம் ஏறத்தாழ 13 வீதம் கூடுதல் தூரம் செல்கிறது. அதன் மறுபக்கமாக, நிலத்தில் கிடைக்கும் உந்துவிசை 11 வீதத்துக்கும் மேல் குறைகிறது. வேகமானி காட்டுவதைவிட வாகனம் வேகமாக ஓடுகிறது. பிறேக் அதே முறுக்கத்துக்குக் குறைந்த தடுப்பையே தருகிறது. இழந்ததை மீட்க டிஃபரன்ஷலின், அதாவது இயந்திரச் சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியின் விகிதத்தை மாற்றவேண்டும்: 4.10 என்றிருந்தால் ஏறத்தாழ 4.63 வேண்டும். அதைச் செய்தபிறகும் ஒரு விலை எஞ்சுகிறது. டயர் சறுக்கும்வரை அச்சுத் தண்டு தாங்கவேண்டிய முறுக்கம் டயரின் ஆரையோடு கூடுகிறது. பெரிய டயர் கல்லிடுக்கில் இறுகப் பிடித்த கணத்தில் தண்டோ அதன் மூட்டோ முறிவது இதனாலேயே. போட்டியில் சறுக்கிய வாகனம் மறுமுறை முயலலாம். தண்டு முறிந்த வாகனத்தைக் கட்டித்தான் இழுக்கவேண்டும்.

சுசூகி ஜிம்னி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018இல் அறிமுகமான அதன் ஒன்றரை லீற்றர் மாதிரி, 195/80 ஆர் 15 டயருடன், அதாவது 27.3 அங்குல உயரத்துடன் வருகிறது. வாகனத்தின் பாரமோ 1,100 கிலோ அளவே. ஒரு சில்லுக்கு 275 கிலோ மட்டுமே இறங்குவதால், கனத்த கெப் புதையும் மணலில் அது ஒல்லியான டயரோடே போய்விடுகிறது. அதற்கு 31 அங்குலத்தைப் பூட்டினால் ஏறத்தாழ 12 வீதக் கியர் இழப்பைச் சிறு எஞ்சினின் தலையில் சுமத்தி, அதன் இயல்பான பலமாகிய இலேசுத்தன்மையையும் கெடுத்ததாகும். 235/75 ஆர் 15, ஏறத்தாழ 29 அங்குலம், அதற்கு நியாயமான உச்சம்.

வெல்லும் வாகனங்களெல்லாம் பெரிய டயரில்தானே ஓடுகின்றன என்பதே கடைசியாக முன்வைக்கப்படும் சான்று. கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் 2007 முதல் நடைபெறும் கிங் ஒஃப் த ஹமர்ஸ் போட்டியின் தலைமை வகுப்பில் 40 அங்குல டயர்கள் வழக்கமானவை. டக்கார் நெடுந்தூர ஓட்டத்திலும் நான்கு சில்லு இயக்க வாகனங்கள் 245/80 ஆர் 16 அளவில், ஏறத்தாழ 31½ அங்குலத்தில் ஓடிவந்தன. அடிக்கடி டயர் வெடித்ததால், 2022இல் அறிமுகமான டி1 பிளஸ் வகுப்பு 37 அங்குலத்துக்கு உயர்த்தப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பழைய கூற்றுக்கே வெற்றி. ஆனால் அதே விதிமாற்றத்தில் வாகனத்தின் அகலம் 2 மீற்றரிலிருந்து 2.3 மீற்றருக்கும், சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் 280 மில்லிமீற்றரிலிருந்து 350க்கும் உயர்த்தப்பட்டதைச் சேர்த்து வாசிக்கவேண்டும். டயர் மட்டும் தனியே வளரவில்லை. அதைத் தாங்கும் உடல் முழுவதும் அதனோடு வளர்ந்தது. கலிபோர்னிய வாகனங்களும் அந்த 40 அங்குலத்தைச் சுற்றியே அச்சு, கியர், எஞ்சின் அனைத்தும் புதிதாக வகுக்கப்பட்டவை. தொழிற்சாலை அச்சோடு நிற்கும் கெப்புக்கு அவற்றின் டயரை மட்டும் இரவல் வாங்குவது, அவற்றின் வெற்றிக்குக் காரணமானதை விட்டுவிட்டு விளைவை மட்டும் வாங்குவதாகும். மேலும் டக்காரின் அந்த டயர் மாற்றத்தைத் தூண்டியது கல்நிலத்தை அதிவேகத்தில் கடக்கவேண்டிய தேவை. கூலோமின் உராய்வு மணலோ, இறுகிய படைமேல் நிற்கும் வயற்சேறோ அம்மாற்றத்துக்குக் காரணமன்று. சேற்றுக்கு ஒப்பிடவேண்டுமாயின், 1997 முதல் மலேசியாவில் பருவமழைக் காலத்திலேயே வைக்கப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சைப் பார்ப்பது பொருத்தம். அங்கே வாகனத்தைக் கரையேற்றுவதில் டயருக்கு நிகரான பங்கு வின்ச் என்னும் கம்பிவட இழுவைப் பொறிக்கு உண்டு.

ஒரு விடயம் போட்டிக் கணக்குக்கு வெளியே நின்றாலும் விட்டுவிடத்தக்கதன்று. கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட மணல்மேடுகளை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வேர்களால் கட்டி வைத்திருக்கின்றன. 2004இல் கடல் ஏறிவந்த இக்கரையில் அம்மேடுகளின் பெறுமதியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எந்த அளவு டயரானாலும் கொடி படர்ந்த மேட்டில் ஏறக்கூடாது. பயிற்சிக்கு ஈரப் பட்டைக்கு மேலுள்ள வெறும் மணலே போதும்.

லாண்ட் ரோவரோ அதையொத்த கனமுள்ள ஜீப்போ இந்நிலத்தில் போட்டிக்கு ஆயத்தமாகும்போது, 7.50-16ஓ 235/85 ஆர் 16ஓ தொடங்குவதற்கு ஏற்ற அளவு. கியர் விகிதத்தையும் அச்சுத் தண்டையும் மாற்றிய பின்னரே 33 அங்குலம், அதிலும் கிடைக்குமாயின் பத்தரை அங்குலத்துக்கு மேற்படாத அகலம். 7.50-16க்கு வேறெந்த அளவுக்கும் இல்லாத ஓர் அனுகூலமும் உண்டு. அது சிறு லொறிகளின் அளவு. உகந்தைக்கு அப்பால் கல்லில் பக்கச் சுவர் கிழிந்தால், கொழும்பிலிருந்து பன்னிரண்டரை அங்குல டயர் வந்துசேரும்வரை வாகனத்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை, லொறி டயர் விற்கும் அக்கரைப்பற்றுக் கடையிலேயே மாற்று டயரைத் தேடிக்கொள்ளலாம்.